தவணை முடிந்த ஆள்

(காரைக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கிச் செப்பம் செய்யப்பட்டது)



‘மாறிவரும் பணியிடத்தில் நல்ல பணியாளரைத் தேடுவதும் தக்கவைப்பதும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மேலாண்மைப் பாடநூல்களில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு. அதை இங்கே ஒப்பித்தால் மாணவர்கள் மெல்ல எழுந்து போய்விடுவார்கள்; முன்வரிசை ஆச்சிமார்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டுமே எனக்கு உவப்பில்லை. ஆகவே இந்த ஊர்க் கணக்கேடுகளிலிருந்தே பேசலாம் என்றிருக்கிறேன்.

காரைக்குடியைச் சுற்றித் தொழில் நடத்துகிற யாரைக் கேட்டாலும் ஒரே பல்லவிதான். பழைய வீட்டை விடுதியாக மாற்றியவர், ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர், மெட்ரிக் பள்ளித் தாளாளர், எல்லோரும் சொல்வது: “ஆளே நிக்க மாட்டேங்குறாங்க சார். பழக்கிவிட்டா ஆறு மாசத்துல கெளம்பிடுறான்.” கிளம்புகிறவனுக்கு இடம் தயாராக இருக்கிறது. 2023 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரின் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் சமையல்காரர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டு அரசு அனுமதித்தது. சம்பளம் மாதம் குறைந்தது 2,000 வெள்ளி. நண்டு மசாலாவும் மண்டியும் கைவந்த ஒரு மாஸ்டரை இங்கே எதைக் கொடுத்து நிறுத்துவது என்று விடுதிக்காரர்கள் கைவிரிக்கிறார்கள்.

இதைவிடக் கடினமான கணக்கை இதே மண் ஒருகாலத்தில் போட்டு முடித்திருக்கிறது. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30இல் எண்ணிப் பார்த்தபோது அந்த நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அது மதிப்பிட்டது. ஒரு கடைக்கு மூன்று பேர் என்று குறைத்து வைத்தாலும் ஐயாயிரம் ஆள். இலங்கை, மலேயா, சைகோன், சுமத்ராவெல்லாம் இதற்கு மேல். முதலாளி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருப்பார். பணம் பெகுவிலும் பசீனிலும் இருக்கும். நடுவில் கடல். பணப்பெட்டிச் சாவி சம்பளத்துக்கு இருக்கும் ஓர் ஆளின் இடுப்பில்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் ‘நாணயம்’ என்பார்கள். ‘சாதிக் கட்டுப்பாடு’ என்பார்கள். இரண்டும் பாதி உண்மை. நாணயமும் கட்டுப்பாடும் வேறு சமூகங்களிலும் இருந்தன. இங்கே கூடுதலாக இருந்தது ஒப்பந்தத்தின் அமைப்பு. ஆள் கிளம்பப்போகும் நாளை முதல் நாளிலேயே எழுதிவைத்தார்கள். கிளம்புகிறவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அதனால்தான் அவர் இருக்கும்வரை ஒழுங்காக இருந்தார். ஆளைத் தக்கவைக்கும் சூட்சுமம் வழியனுப்பும் முறையில் இருக்கிறது என்பதே இன்று நான் வைக்கும் வாதம். அதைச் சில கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. நாள் குறித்த வேலை

முதலாளியும் அக்கரைக் கடையை நடத்தப்போகும் ஏஜெண்டும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குச் சம்பளச் சீட்டு என்று பெயர். எந்த ஊர்க் கடை, எத்தனை வருடம், தவணைக்கு மொத்தச் சம்பளம் எவ்வளவு, கப்பல் ஏறுமுன் கையில் தரும் முன்பணம் எவ்வளவு: சாரம் இவ்வளவுதான். தவணை பொதுவாக மூன்று வருடம். அக்கரையில் இருக்கும் காலத்துச் சாப்பாடும் தங்கலும் வழிச்செலவும் கடைக் கணக்கில் எழுதப்படும். தவணை முடிந்ததும் லாபத்தைப் பார்த்து ஒரு தொகை. அடுத்த ஆள் வந்து கணக்கை ஒப்புக்கொண்ட பிறகு பழையவர் ஊர் திரும்புவார். கொஞ்சகாலம் வீட்டோடு இருப்பார். பிறகு அதே முதலாளியிடமோ வேறு முதலாளியிடமோ புதுச் சீட்டு.

இதில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. முதலாவது, தணிக்கை. பொறுப்பேற்க வருகிறவர் பழைய ஆளின் தவறைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள விரும்பமாட்டார். வாராக்கடனை வரும்கடன் என்று எழுதியிருந்தால் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து ஊருக்கு எழுதிவிடுவார். கூலிக்கு வரும் ஆடிட்டருக்கு இல்லாத அக்கறை அவருக்கு இருந்தது. மாதந்தோறும் ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்புவது தனி. அந்த ஐந்தொகையைச் சரிபார்க்கும் மனிதர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை நேரிலேயே வந்து இறங்கினார் என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போனது. இன்றைய நேர்முகத் தேர்வை நினைத்துப் பாருங்கள். “அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்கே பார்க்கிறீங்க?” என்று கேட்கிறோம். “இதே நிறுவனத்துலதான் சார்” என்கிறான் பையன். அறையில் இருக்கும் ஐந்து பேருக்கும் அது பொய் என்று தெரியும்; சொன்னவனுக்கும் தெரியும். உறவு தொடங்கும் நாளே இப்படி. பணி நியமனக் கடிதத்தில் முடியும் தேதி இல்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் முடியலாம் என்று இருவருமே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கிளம்பும் எண்ணத்தைக் கடைசி நாள் வரை மறைத்துவைப்பதுதான் பணியாளருக்குப் புத்திசாலித்தனம். மறைத்துவைத்த எண்ணத்தோடு வேலை பார்க்கிறவர் புது ஆளைப் பழக்க மாட்டார், நீண்டகாலக் காரியம் எதையும் தொட மாட்டார். தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு மறுவாரம் கம்பெனி மாறுவது திருப்பூரில் சாதாரணம். போனஸ் நாள் ஒன்றுதான் அங்கே எழுதாத தவணை முடிவு.

2. பெட்டியடியில் நடந்த தேர்வு

சீட்டு எழுதிக்கொடுக்கும் நிலைக்கு ஓர் ஆள் வருவதற்குள் அவரைப் பல வருடம் பல பேர் பார்த்திருப்பார்கள். கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டிய இடம் இது.

பினாங்குத் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளை முதியவர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். நீண்ட கூடம். இருபுறமும் சுவரோரமாக ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது கடைக்கும், ஓரிடம். தரையில் விரிப்பு, அதன்மேல் சாய்ந்த மூடியுள்ள சிறு மரப்பெட்டி, அதுவே எழுதும் மேசை, பின்னால் பேரேடுகள் அடுக்கிய அலமாரியும் இரும்புப் பெட்டியும். பகலில் உட்கார்ந்து வட்டி பேசிய இடத்திலேயே இரவில் படுக்கை. சமையல் பொதுவில் நடக்கும். ஒரு கூடத்துக்குள் பல கடைகள், நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. யாரிடம் எந்தச் சீனர் கடன் கேட்டு வந்தார், எவர் எத்தனை மணிக்குத் திரும்பினார், எந்தக் கடைப் பையன் கூட்டலில் தப்புவிட்டான் என்பதெல்லாம் கூடம் முழுக்கத் தெரியும்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் பெட்டியடிப் பையன். அவன் ஊரில் எண்சுவடி முடித்துவிட்டு வந்தவன். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றைப் பெருக்கவும் கழிக்கவும் காகிதம் தேடமாட்டான். ஆனால் கிட்டங்கியில் முதலில் அவன் கையில் வந்தது விளக்குமாறும் தண்ணீர்க் குடமும். அப்புறம் கடனாளி வீட்டுக்குச் சீட்டுக் கொண்டுபோவது. பிறகு குறிப்பேட்டில் அன்றாட வரவு செலவு எழுதுவது, அதைப் பேரேட்டில் ஏற்றுவது, அடுத்தாளோடு வசூலுக்குப் போவது. வசூலில் தேறினால் ஒருநாள் தானே அடுத்தாள். அதற்கும் மேலே மேலாள், அவரே ஏஜெண்ட். பட்டறிவு வந்த பிறகுதான் பதவி. பதவி கொடுத்துவிட்டுப் பழக்கவில்லை.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. பையனைப் பார்த்துக்கொண்டிருந்தது அவன் மேலாள் மட்டும் இல்லை. கூடத்தில் இருந்த மற்ற மேலாட்களும்தான். அவன் பெயர் பத்துக் கடைக் கடிதங்கள் வழியாக இங்கே கோட்டையூருக்கும் பள்ளத்தூருக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே முதலாளி அவனைக் குறைத்து மதிப்பிட்டால் வேறு முதலாளி எடுத்துக்கொள்வார். அவன் ஏமாற்றினால் மற்ற ஒன்பது முதலாளிகளும் எடுக்க மாட்டார்கள். இரு பக்கமும் கூர்மையான கத்தி அது. கண்காணிப்பு என்ற பக்கத்தை மட்டும் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பேசுகிறார்கள். பையனுக்குப் பேரம் பேசும் பலத்தை அது கொடுத்தது என்ற பக்கத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமாக இன்று நடப்பது ஸோஹோ நிறுவனத்தின் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்து, பட்டம் கேட்காமல், உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலையில் சேர்க்கிறார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். நான் அதன் விளம்பரதாரர் அல்ல. பத்து நிமிட நேர்முகத்தை நம்பாமல் பல மாதம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இந்தக் காலத்திலும் செல்லும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

3. மூன்று விதமான மூன்று வருடம்

‘தவணை வைத்தால் போதுமா, எங்கள் கம்பெனியிலும் மூன்று வருட பாண்ட் இருக்கிறதே’ என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டும். தவணை என்பது வெறும் சட்டகம்; அதற்குள் பணம் எந்தத் திசையில், எந்த நாளில் நகர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று வருடம் என்று போட்ட மூன்று ஒப்பந்தங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

முதலாவது நாம் பார்த்த சம்பளச் சீட்டு. அதில் சம்பளத்தின் ஒரு பகுதி வேலை தொடங்குமுன்பே கைக்கு வந்துவிடும். அதை வீட்டில் வைத்துச் சாப்பிட வேண்டும் என்பதில்லை. நம்பிக்கையான கடையில் வட்டிக்குப் போட்டுவிட்டுக் கப்பல் ஏறலாம். அவர் பர்மாவில் இருக்கும் மூன்று வருடமும் அந்தப் பணம் இங்கே குட்டி போட்டுக்கொண்டிருக்கும். நிலுவைச் சம்பளமும் லாபத் தொகையும் தவணை முடிவில். ஆக, முதலிலும் முடிவிலும் முதலாளியே கொடுக்கிறார்.

இரண்டாவது, பாண்ட். இதற்குச் சரியான எடுத்துக்காட்டு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்புச் சொன்ன விஜயா வங்கி வழக்கு. பேங்க் ஆஃப் பரோடாவோடு 2019இல் இணைக்கப்பட்ட அதே வங்கிதான். அதிகாரியாகச் சேர்கிறவர் மூன்று வருடம் இருக்க வேண்டும், இடையில் போனால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு மேலாளர் இடையில் ராஜினாமா செய்தார், பணத்தைக் கட்டினார், நிபந்தனையே செல்லாது என்று வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இது தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதாகாது, பொதுத்துறை வங்கி திரும்பத் திரும்ப ஆளெடுக்கும் செலவைக் காத்துக்கொள்ள வைத்த நியாயமான நிபந்தனைதான் என்றது. சட்டப்படி தீர்ப்பில் பிழை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நிர்வாகப் பாடமாகப் பார்த்தால், இங்கே மூன்று வருடத்தின் முடிவில் பணியாளருக்குக் கிடைப்பது அபராதத்திலிருந்து விடுதலை மட்டும்தான். அபராதத்துக்குப் பயந்து நிற்கும் ஆள் நாற்காலியில் இருப்பார், வேலையில் இருக்கமாட்டார். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கும் கல்வி நிறுவனங்களைப் பற்றி இங்கே உள்ள இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது பாண்டைவிட மோசம். பாண்டுக்காவது ஒரு தொகை உண்டு.

மூன்றாவது, சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் நடந்தது. ஏழை வீட்டு இளம்பெண்களை மூன்று வருட அளவில் விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை தருவதாக வாக்கு. மாதக் கூலி சொற்பம். விடுதிக் கதவுக்கு வெளியே தனியே போக அனுமதியில்லை. உடம்பு முடியாமல் இரண்டரை வருடத்தில் வெளியேறிய பெண்ணுக்கு மொத்தத் தொகை கைக்கு வராமல் போனதும் உண்டு. உழைப்பை முன்னால் வாங்கிக்கொண்டு பணத்தைப் பின்னால் நிறுத்திவைத்த ஏற்பாடு இது. சர்வதேச அமைப்புகள் 2010ஐ ஒட்டி அறிக்கைகள் வெளியிட்டு, வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகே அந்தப் பெயரைச் சொல்ல ஆலைகள் தயங்கின.

மூன்றிலும் காலம் ஒன்றுதான். முதலாவதில் முதலாளி முதலில் நம்பினார். இரண்டாவதில் யாரும் யாரையும் நம்பவில்லை. மூன்றாவதில் நம்பச் சொல்லப்பட்டவள் பதினெட்டு வயதுப் பெண்.

சம்பள உயர்வு ஒன்றே மருந்து என்பாரும் உண்டு. அவர்கள் ஹென்றி ஃபோர்டைக் காட்டுவார்கள். அவருடைய கார் ஆலையில் 1913இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அந்த ஒரே வருடத்தில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் ஊதியத்தை 5 டாலராக்கினார். ஏறக்குறைய இரு மடங்கு. ஓட்டம் வெகுவாகக் குறைந்தது. பணம் வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிங்கப்பூரின் 2,000 வெள்ளியோடு காரைக்குடி விடுதியால் போட்டி போட முடியாது. முடியாத போட்டியில் இறங்காமல், பணம் தரும் நாளையும் விதத்தையும் மாற்ற முடியுமா என்று பார்ப்பதே நம் கைக்கு எட்டுவது.

4. போட்டியாளரை வளர்த்த முதலாளிகள்

இரண்டு மூன்று தவணை முடித்தவர் என்ன செய்வார்? சேர்த்த பணத்தோடு சொந்தக் கடை போடுவார். பழைய முதலாளியே அந்தக் கடையில் பங்கு எடுப்பார், அல்லது மேல்பணம் கொடுப்பார். நேற்றுவரை நம் கணக்கை எழுதியவன் இன்று எதிர்க் கடை போட்டுவிட்டான் என்று வழக்குக்குப் போகும் இன்றைய மனநிலைக்கு இது புரியாது.

பள்ளத்தூர் அ.மு. முருகப்பச் செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 14 வயதில் பர்மாவுக்குப் போய் உறவினரின் லேவாதேவிக் கடையில் பழகினார். 1900இல் மோல்மேனில் தனியாகத் தொடங்கினார். இன்று முருகப்பா குழுமம் தன் வயதை அந்த 1900லிருந்தே எண்ணுகிறது. 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்ததுவரை போகும் நீண்ட கதையின் முதல் பக்கத்தில் இருப்பது வேறொருவர் கடையில் கணக்கு எழுதிய ஒரு பையன்.

ஏன் இதை அனுமதித்தார்கள்? பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு அப்படி. நாளை முதலாளியாகலாம் என்று தெரிந்த ஆள் இன்று கடனாளியை அளந்து பார்க்கும் விதமே வேறு. அவர் பழகுவது தன் எதிர்காலத் தொழிலை. தவிர, அவர் சொந்தக் கடை போட்டதும் அந்த ஊரில் முதலாளிக்கு இன்னொரு நம்பகமான கடை கிடைக்கிறது. ஒருவரிடம் பணமுடை வந்தால் மற்றவர் நடப்பு வட்டிக்குக் கொடுப்பார். பிரிந்துபோனவர் வலைப்பின்னலின் இன்னொரு முடிச்சாகிறார்.

ஜப்பானிய வணிக வீடுகளிலும் இதுபோல உண்டு. பையனாகச் சேர்ந்து, எழுத்தராகி, தலைமை எழுத்தராக உயர்ந்தவருக்கு முதலாளி தம் கடைப் பெயர் பொறித்த வாசல் திரையையே பிரித்துக் கொடுத்துத் தனிக்கடை வைக்க விடுவார். நைஜீரியாவில் இக்போ வணிகர்கள் பழகுநர் காலம் முடிந்த பையனுக்கு முதல் கொடுத்து நிலைநிறுத்துவது இன்றும் நடக்கிறது. மூன்று இடங்களும் ஒன்றையொன்று பார்த்துக் கற்றவை அல்ல. வங்கியும் நீதிமன்றமும் எளிதில் எட்டாத இடங்களில் வணிகர்கள் தனித்தனியே கண்டடைந்த விடை ஒன்றாக இருந்திருக்கிறது.

5. இந்த ஏற்பாட்டின் இருட்டு மூலைகள்

இவ்வளவு நேரம் பாராட்டிப் பேசியதைக் கேட்டு முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. அந்த மூன்று வருடத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களுடைய பாட்டிமார்கள். ஏஜெண்ட் குடும்பத்தோடு போவது வழக்கமில்லை. கல்யாணமான சில மாதத்தில் கப்பல் ஏறியவர் திரும்பி வரும்போது வாசலில் ஓடியாடும் வயதுப் பிள்ளை நிற்கும். ஆயிரம் ஜன்னல் வீடு என்று சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்க்கும் மாளிகைகள் வருடத்தின் பெரும்பகுதி பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் மட்டுமே இருந்த வீடுகள். நிலத்தையும் நெல்லையும் கோயில் முறையையும் உறவு நடப்பையும் அவர்கள் நிர்வாகம் செய்தார்கள். அந்த வேலைக்கு எந்தச் சீட்டிலும் சம்பளம் எழுதவில்லை. தொழிலாளர் வரலாறு எழுதுகிற நாங்கள் இதைப் பின்னிணைப்பில்கூடச் சேர்க்காமல் விட்டோம்.

அடுத்தது சாதி. உயர் பொறுப்புகள் பெரும்பாலும் உறவுக்குள்ளேயே சுழன்றன. உறவுக்கு வெளியே இருந்து வந்த ஆளுக்குப் படிக்கட்டு எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடும். அதனால் தொழில் இழந்த திறமை எவ்வளவு என்று எந்த ஐந்தொகையிலும் வராது.

மூன்றாவது, மாற்றம். இதைப் புரிந்துகொள்ள ஒரு நாவலைச் சிபாரிசு செய்கிறேன். சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் சுமத்ராவின் மேடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர் ப. சிங்காரம். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வெளிவந்தது. பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளை என்ற லேவாதேவிக்காரரிடம் வேலை பார்க்கும் செல்லையா, போர்க்காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்புகிறான். வேலைக்காரனாக அவனிடம் குறையில்லை. அவனுக்கும் முதலாளியின் மகள் மரகதத்துக்கும் காதல். ஆனால் துப்பாக்கி தூக்கியவன் இனிப் பெட்டியடியில் பணிந்து உட்காரமாட்டான் என்று முதலாளிக்குத் தோன்றிவிடுகிறது. அவர் தேர்ந்தெடுப்பது நாகலிங்கத்தை, பழைய வார்ப்பில் இருக்கும் இன்னோர் ஆளை. காதல் கதையாகப் பலர் படித்த இந்த நாவலை நான் ஆளெடுப்புக் கதையாகப் படிக்கிறேன். உலகம் தலைகீழாகப் புரண்டிருக்கிறது. வயிரமுத்துப் பிள்ளை பழைய உலகத்துக்கு ஏற்ற ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவரைக் கெட்டவராகச் சிங்காரம் காட்டவில்லை என்பதுதான் நாவலின் பலம். நம் மனிதவளத் துறைகளில் அவரைப்போல நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

நடைமுறையிலும் அப்படித்தான் ஆனது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடாக நிலங்கள் செட்டியார் கைக்கு வந்தன. 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1936க்குள் 25 பங்கானது. பணம் கொடுத்து வாங்கத் தெரிந்த ஏஜெண்டுகளுக்குப் பயிர் செய்யத் தெரியாது. 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. சுதந்திர பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஒரே தொழிலுக்கு அபாரமாகப் பழக்கப்பட்ட ஒரு தலைமுறை அந்தத் தொழில் போனபோது நின்ற இடத்திலேயே நின்றது. வேறு பாதை கண்டவர்களும் உண்டு. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று ஒரே நாளில் மூன்று கிளைகளைத் திறந்தார். கடையை வங்கியாக்கிய முயற்சி அது. எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.

6. காரைக்குடிக்கு ஒரு சீட்டு

பழையதை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. பெண்டாட்டி பிள்ளையைப் பிரிக்காத, சாதி பார்க்காத, நாட்டின் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு சம்பளச் சீட்டை இங்கே எழுத முடியுமா என்பதே கேள்வி. சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, குறித்தகாலப் பணியாளருக்கு ஐந்து வருடம் காத்திராமல் வேலை பார்த்த காலத்தின் விகிதத்தில் பணிக்கொடை கிடைக்க வழி செய்கிறது. நாள் குறித்த வேலை என்றாலே பணியாளரை ஏமாற்றும் வேலை என்ற பழைய அச்சத்துக்கு ஓரளவு பதில் அது. முழுப் பதில் இல்லை. நிரந்தர வேலையைக் குறித்தகால வேலையாக மாற்றிச் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். நான் சொல்வது அவர்களுக்கு உதவாது. என் சீட்டில் செலவு கூடும்.

ஆத்தங்குடிப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். வண்ணம் ஊற்றும் கை நடுங்கினால் பூ கலைந்துவிடும். அந்தக் கையைப் பழக்கப் பல மாதமாகும். பழகியவர் போய்விட்டால் பட்டறை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அவருக்கு ஒரு சீட்டு: மூன்று வருடம், சேரும் நாளில் முன்பணம், அதற்கு வட்டியும் இல்லை, இடையில் போனால் மீதி நாளுக்கான பங்கை மட்டும் திருப்பினால் போதும், கடைசி ஆறு மாதத்தில் புது ஆள் ஒருவரைப் பழக்கினால் அதற்குத் தனித்தொகை, தவணை முடிந்து அவரே பட்டறை போட விரும்பினால் பழைய முதலாளி அச்சுகளை வாடகைக்குத் தந்து, முதல் வருட ஆர்டரில் ஒரு பகுதியைத் திருப்பிவிடுவார். அதே ஆள் இரண்டாவது தவணைக்கு வர விரும்பினால் சம்பளப் பேச்சு பழைய தொகையிலிருந்து தொடங்காமல், புது ஆளாக மதிப்பிட்டுத் தொடங்கும்.

விடுதிச் சமையலறைக்கும் இதையே கொஞ்சம் மாற்றலாம். சிங்கப்பூர் போகும் மாஸ்டரைத் துரோகி என்று நினைக்காமல், போய்வந்த பிறகு இங்கே சேர ஒரு வாசலை எழுத்தில் திறந்துவைக்கலாம். அங்கே பெரிய சமையலறையின் வேகத்தையும் சுத்தத்தையும் கற்றுக்கொண்டு திரும்புகிறவர் நமக்குச் செலவில்லாமல் பயிற்சி பெற்றவர். அதற்குள் அவர் தம்பியோ பெரியம்மா மகளோ இங்கே பெட்டியடியில் இருக்கட்டும். பெண்கள் அந்த இடத்துக்கு வருவதில் எனக்குத் தனி ஆசை உண்டு.

முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி தேநீர் இடைவேளையிலேயே வந்துவிட்டது. சிலர் ஓடுவார்கள். கிட்டங்கிக் காலத்திலும் ஓடியிருக்கிறார்கள். பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து, யார் முன்பணம் வாங்கி எத்தனை நாள் வேலை பார்த்தார் என்று ஒரு பொதுக் குறிப்பு வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். அதே குறிப்பில் எந்த முதலாளி தவணைத் தொகையைச் சொன்ன நாளில் கொடுத்தார், எவர் இழுத்தடித்தார் என்பதையும் எழுத வேண்டும், அதைப் பணியாளர்களும் பார்க்க முடிய வேண்டும் என்பது என் நிபந்தனை. முதல் பாதிக்கு ஆர்வமாகத் தலையாட்டுகிறவர்கள் இரண்டாவது பாதிக்கு வரும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

மாணவர்கள் இரண்டு மாதிரிச் சீட்டுகள் வரைந்திருக்கிறார்கள். ஒன்று டைல்ஸ் பட்டறைக்கு, மற்றது விடுதிச் சமையலறைக்கு. வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். முதலாளிமார்கள் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு வந்திருக்கும் டிரைவருக்கும் மேனேஜருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். எந்த வரி ஒத்துவராது என்று இரு தரப்பாரும் தனித்தனியே பென்சிலில் குறித்துத் தந்தால் அடுத்த மாதம் உட்கார்ந்து திருத்தலாம்.